எழுத்தும் இடைவெளியும்

கேள்வி: சங்க இலக்கியத்தைப் படமே இல்லாமல், எழுத்தும் வெள்ளைத் தாளுமாக வடிவமைக்கிறார்களே. இதனால் பாட்டுக்குப் புதிதாகப் பொருள் வந்துவிடுமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: வரும், அதுவும் இடைவெளியிலிருந்தே வரும். தென்னைக்குத் தென்னை 25 அடி விட்டு நடுகிற ஊர்க்காரருக்கு வெற்றிடத்தின் மதிப்பை நான் சொல்ல வேண்டுமா!

தஞ்சை சரசுவதி மகாலில் உள்ள பழைய ஓலைச்சுவடிகளைப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியும் இல்லை. அச்சுக்கு வந்த பிறகும் சீர் பிரித்தே அச்சிட்டார்கள். ஓசை நிலைத்தது, ஆனால் சொல் நடுவில் உடைந்தது. புதிதாகப் படிக்க வந்தவர் முதல் அடியிலேயே தடுமாறினார்.

1950களில் பதிப்பாளர் மர்ரே எஸ். ராஜம் அதை மாற்றினார். வையாபுரிப்பிள்ளை முதலிய அறிஞர்களைக் கூட்டி, கம்பராமாயணம், சங்கப் பாடல்கள் எல்லாவற்றையும் சந்தி பிரித்து, உரையே இல்லாமல், மூலத்தை மட்டும் மலிவு விலையில் கொடுத்தார். தமிழில் நடந்த மிகப் பெரிய எளிமை வடிவமைப்பு அதுதான் என்பேன். சொல்லை எங்கே பிரிப்பது என்று முடிவெடுத்தாலே பாதி உரை எழுதியாயிற்று. ஓர் எழுத்து இடம் மாறினால் பொருளும் மாறிவிடும்.

ஆகவே, இன்றைய வடிவமைப்பாளர்களே, அட்டை அழகாக இருக்கிறது, மகிழ்ச்சி. அதே அக்கறையோடு உள்ளே வாருங்கள். அடி எங்கே மடங்குகிறது, எழுத்து எவ்வளவு பெரிது, ஓரம் எவ்வளவு என்று பாருங்கள். சங்கப் பாட்டுக்கு இன்னும் நல்ல பக்கம் தேவைப்படுகிறது.