நரம்புக்கு நீலாம்பரி, வயிற்றுக்குப் பீத்தோவன்

இசை கேட்டு நரம்புகளை அமைதிப்படுத்தும் சிகிச்சை முறை, மனித விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தன்போக்கில் இயங்கும் தன்னாட்சி நரம்புத்தொகுதியை நம்பி எழுந்ததாகும். இத்தொகுதியின் ஒரு கிளையான பரிவு நரம்புகள், ஆபத்தைக் கண்டதும் இதயத்தை விரட்டிக் குருதியமுக்கத்தை ஏற்றி, ஓடவோ அடிபடவோ ஆளைத் தயார்ப்படுத்துகின்றன. மற்றக் கிளையான பரபரிவு நரம்புகள், அவற்றுள்ளும் கழுத்து வழியே இறங்கி இதயத்தையும் குடலையும் எட்டும் வேகசு நரம்பு, ஆபத்து நீங்கியபின் துடிப்பைத் தணித்து உண்டதைச் செரிக்கவைக்கின்றன. மெதுவான இசையைக் கேட்டால் மூச்சு நிதானப்பட்டு இரண்டாவது கிளை மேலோங்கும் என்பதே இம்முறையின் அடிப்படை. கொழும்பின் வெள்ளவத்தையில் காலி வீதியைக் குறுக்கே கடப்பவரிடம் முதற்கிளை மட்டுமே வேலை செய்கிறது என்பதை நிறுவ ஆய்வுகூடம் எதுவும் தேவையில்லை.

நோயாளியின் அப்போதைய மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, அவரைப் படிப்படியாக வேண்டிய மனநிலைக்கு இட்டுச்செல்ல வேண்டும் என்று 1940களில் அமெரிக்க உளமருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் வகுத்தார். கொதித்துப்போய் இருப்பவருக்கு எடுத்த எடுப்பிலேயே தாலாட்டைப் போட்டால் அவர் கூடுதலாகக் கொதிப்பார் என்பதே இதன் பொருள். பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே ஓடும் 100 ஆம் இலக்கத் தனியார் பஸ்கள் இக்கொள்கையின் முன்பாதியைப் பிசகின்றிக் கடைப்பிடிக்கின்றன: பயணியின் பதற்றத்துக்கு ஈடான பைலா தலைக்குமேல் முழங்க, முன்னே நகரச் சொல்லும் நடத்துநரின் "இஸ்ஸரஹட்ட" என்னும் அறைகூவல் அதற்குப் பல்லவியாகிறது. தணிக்கவேண்டிய பின்பாதி, இறங்கவேண்டிய தரிப்பிடம் தாண்டியும் வருவதில்லை.

எனவே அப்பாதியை வீட்டில் நிறைவேற்ற முயலும் தொடர்மாடிவாசி, சங்கராபரணத்தின் சேய் இராகமும் தாலாட்டுகளுக்குப் பெயர்பெற்றதுமான நீலாம்பரியைக் கைத்தொலைபேசியில் தேடி எடுத்து, விளக்கை அணைத்து, கண்ணை மூடுகிறார். ஆலாபனை மந்தரத்தில் இறங்கி, தோள்கள் தளர்ந்து, வாய் சற்றே திறக்கும் அந்தக் கணத்தில், தவணைக் கடன் தரும் நிறுவனமொன்றின் விளம்பரம் இரு மடங்கு சத்தத்தில் வெடிக்கிறது. காசு கட்டி விளம்பரத்தை நிறுத்தியவருக்கோ கடற்கரைப் பக்கம் ரயில் இருக்கிறது, மேல்மாடியில் மாபிள் வெட்டுபவர் இருக்கிறார்.

குடும்ப வட்ஸ்அப் குழுவில் கனடாவிலிருந்து ஒரு மாமா அனுப்பும் "432 ஹேர்ட்ஸ்" இசையையும் இங்கே குறிப்பிட வேண்டும். உலகம் பொதுச் சுருதியாக ஏற்ற 440 ஐச் சற்று இறக்கி 432 ஆக்கினால் நரம்பு குளிரும் என்பது அவர்தம் வாதம். கர்நாடக இசையில் பாடகர் தம் குரலுக்கு ஏற்ற கட்டையைத் தாமே வைத்துக்கொள்வதால் இவ்வாதத்துக்குக் கால் வைக்க இடமில்லை. தாழ்ந்த சுருதிக்கும் அவசரமறியாத விளம்ப காலத்துக்கும் பேர்போன பாடகர் எம்.டி. ராமநாதனுக்கு எந்த மாமாவும் கணக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

கொட்டாஞ்சேனையின் நிலை சற்று வேறு. தேவாலய மணியும் கோயில் நாதஸ்வரமும் பாங்கொலியும் அடுத்தடுத்துக் காதுக்கு எட்டும் இப்பகுதியில், இசை நரம்பைத் தணிக்கும் என்ற கோட்பாட்டுக்கு வரலாறே எதிர்ச்சாட்சி சொல்கிறது: 1883 மார்ச் 25 அன்று, உயிர்த்த ஞாயிறில், புனித லூசியாள் பேராலயத்தின் அருகாக வாத்திய முழக்கத்தோடு தீபதுத்தாராமயவுக்குச் சென்ற பௌத்த ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. கேட்பவர் தாமாகத் தெரிவுசெய்யாத இசை மருந்தாவதில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

இன்னும் சங்கடமான செய்தி இத்தாலியிலிருந்து வந்தது. பாவியா பல்கலைக்கழகத்தின் லூசியானோ பெர்னார்டியும் சகாக்களும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய இராகம் உள்ளிட்ட ஆறு வகை இசையை 24 பேருக்குக் கேட்கச்செய்து அவர்களது இதயத்தையும் மூச்சையும் அளந்தபோது, வேகமான இசை துடிப்பை ஏற்றியது எதிர்பார்த்தபடியே அமைந்தது. ஆனால் துடிப்பும் குருதியமுக்கமும் இசை தொடங்குமுன் இருந்த நிலைக்கும் கீழே இறங்கியது, இடையில் செருகப்பட்ட இரண்டு நிமிட மௌனத்தின்போதுதான். அந்த இரண்டு நிமிடம் கொழும்பில் எந்தக் கடையிலும் கிடைக்காத சரக்கு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று உயர் நீதிமன்றம் 2007 இல் கட்டளையிட்டதுண்டு; காகங்கள் அவ்வழக்கில் எதிராளிகளாகச் சேர்க்கப்படாமையால் தீர்ப்பு அவற்றைக் கட்டுப்படுத்தவில்லை.

நகரில் தவறாது பலன் தரும் இசைச் சிகிச்சையை நடத்துபவர், இவ்வளவுக்கும் பிறகு, பாண் விற்கும் முச்சக்கரவண்டிக்காரரே. சிங்களத்தில் "சூன் பாண்" எனப்படும் அவ்வண்டி, பீத்தோவன் 1810 இல் இயற்றியதும் அவர் இறந்து 40 ஆண்டுகளின் பின் அச்சேறியதுமான "ஃபியூர் எலிஸ்" என்னும் சிறு பியானோ இசையின் தொடக்கத்தை மட்டும், தகரக் குரலில், முடிவே இல்லாமல் ஒலித்தபடி ஒழுங்கைக்குள் நுழைகிறது. உணவைக் கண்ட நாயின் இரைப்பையில் சாறு சுரப்பது வேகசு நரம்பின் ஏவலால் என்பதை அந்நரம்பை வெட்டிப் பார்த்தே ரஷ்ய உடற்றொழிலியலாளர் பவ்லோவ் நிறுவினார். பழகிய ஓசையே உணவுக்குப் பதிலாக நின்று அச்சுரப்பைத் தூண்டும் என்பதும் அவர் வழிவந்த அறிவு. ஆகவே மாலை நாலரைக்கு அத்தகரக் குரல் கேட்டதும் ஒழுங்கை முழுவதும் வேகசு நரம்பு விழித்துக்கொள்கிறது. நீலாம்பரிக்கு இளகாதவர் இதற்கு இளகுகிறார். இச்சிகிச்சையின் அறியப்பட்ட பக்கவிளைவு, முதலைபோல் நீண்டு மேலே சீனி தூவிய கிம்புலா பணிஸ். சீனி வருத்தம் உள்ளவர்கள் பல்கனியில் நின்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளும்படி வீட்டாரால் அறிவுறுத்தப்படுகின்றனர். பெரும்பாலோர் அவ்வறிவுரையைச் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்கின்றனர்.