ஸ்பீக்கர் அண்ணன்

ஒரு கும்பல் எங்காவது கிளம்புகிறது என்றால் வேலைகள் தானாகப் பிரிந்துகொள்ளும். வேனுக்கு ஒருவர், பிரியாணிக்கு ஒருவர், காசு வசூலிக்க ஏமாந்த ஒருவர். ஸ்பீக்கருக்கு மட்டும் ஆள் தேட வேண்டியதில்லை. அலுவலகமோ, அப்பார்ட்மென்ட்டோ, காலேஜ் நண்பர்கள் குழுவோ, எங்கேயும் ஒரு ஸ்பீக்கர் அண்ணன் இருக்கவே இருப்பார். "ஏற்காடு போலாமா?" என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டால் மற்றவர்கள் லீவு கிடைக்குமா என்று யோசிப்பார்கள். அண்ணன், "சார்ஜ் போட்டுட்டேன்" என்று பதில் போடுவார். தேதியே முடிவாகியிருக்காது.

கல்யாண வீட்டில் அவரைச் சுலபமாக அடையாளம் காணலாம். கெட்டிமேளம் முழங்க, ஊரே அட்சதையோடு மணமேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் மட்டும் மைக்செட்காரரின் பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ படித்துக்கொண்டிருப்பார்.

ஸ்பீக்கர் வாங்க அண்ணனைக் கூட்டிப் போவது, பெண் பார்க்கப் பெரிய மாமாவைக் கூட்டிப் போவது மாதிரி. பேச்சு முழுக்க அவருடையது. பிற்பாடு குடித்தனம் நடத்துவது நாம். சென்னை என்றால் ரிச்சி தெருதான். அங்கே பைக்குக்கும் வண்டிக்காரருக்கும் நடுவே புகுந்து ஒரு கடைக்குள் ஏறியதும், கடைப்பையன் ஆர்வமாக ஒரு பெட்டியை நீட்டுவான்.

"ஆயிரம் வாட்ஸ் சார்!"

காலையிலிருந்து அண்ணன் காத்திருந்ததே இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

"தம்பி, இது பி.எம்.பி.ஓ. கணக்கு. ஒரு நொடி மூச்சைப் பிடிச்சு முக்கினா வர்றது. ஆர்.எம்.எஸ். எவ்வளவு? அதைச் சொல்லு."

பையன் பெட்டியைத் திருப்புவான். அடியில் எறும்பு எழுத்தில் 20 வாட்ஸ் என்று இருக்கும். அண்ணன் நம் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. தொடர்ந்து பாடித் தாக்குப்பிடிக்கிற சக்திதான் ஆர்.எம்.எஸ்.; அந்த இன்னொரு எண்ணுக்கு அச்சடிக்கிறவர் மனசுதான் அளவு. இதைத் தெரிந்துகொண்டதோடு அண்ணன் நின்றிருந்தால் எல்லோருக்கும் நல்லது.

அடுத்தது சோதனை. அவர் போனில் 'டெஸ்டிங்' என்று ஒரு தனிப் பட்டியல் உண்டு. பாஸ் கிட்டாருக்கு இளையராஜா, நுணுக்கத்துக்கு ரஹ்மான், கண்ணாடி அலமாரி அதிர்கிறதா என்று பார்க்க அனிருத். எதுவும் பல்லவியைத் தாண்டாது. பாடகர் சரணத்துக்கு மூச்சு இழுக்கும்போதே அண்ணனின் விரல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். "பாத்தீங்களா, அந்த டும் எப்படி உருண்டு வருது!" என்பார். நமக்குப் பாட்டு பிடித்திருக்கும். அதைச் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று டும்மைப் பற்றியே தலையாட்டுவோம்.

பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் அண்ணனுக்குக் கண் கலங்கிவிடும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் புகுந்து கெடுக்காது என்று அதற்குப் பொருள். நமக்கெல்லாம் இது மழைக்குப் பாதுகாப்பு. அவருக்கு வித்தை காட்ட லைசென்ஸ். எந்த வீட்டுக்குப் போனாலும், "சிஸ்டர், ஒரு பக்கெட் தண்ணி கிடைக்குமா?" என்று ஆரம்பிப்பார். பக்கெட்டுக்குள்ளிருந்து எஸ்.பி.பி. குமிழி குமிழியாகப் பாடுவார். குழந்தைகள் கை தட்டும்.

கோவளம் கடற்கரைக்குப் போனால் மட்டும் கதை மாறும். அந்தச் சோதனை நல்ல தண்ணீருக்கு; உப்புத் தண்ணீருக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எக்ஸ் என்ற எழுத்து இருக்கும் இடத்தில் தூசிக்கான எண் இருக்க வேண்டும். அது இல்லை என்றால் மணலுக்கும் உத்தரவாதம் இல்லை. இதெல்லாம் அண்ணனுக்கு அத்துப்படி. ஆகவே கடற்கரையில் ஸ்பீக்கரை டர்க்கி டவலில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொள்வார். டவல் வழியாக வருகிற பாட்டு அவர் தொடைக்கு மட்டும் கேட்கும்.

போன மாதம் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். மொட்டை மாடியில் விருந்து. கடையில் காதைக் கிழித்த ஸ்பீக்கர், அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முனகிக்கொண்டிருந்தது.

"என்னங்க, சத்தமே வரலையே?"

"கடையில நாலு சுவர் இருந்துச்சு, சத்தம் பட்டுப் பட்டுத் திரும்பி வந்துச்சு. இங்க வானத்துல பட்டா திரும்பி வரும்? திறந்தவெளியில தூரம் ரெண்டு மடங்கானா ஆறு டெசிபல் காலி."

"அப்போ இதைவிட ரெண்டு மடங்கு பெரிசா வாங்கியிருக்கலாமே?"

"வாட்ஸை ரெட்டிப்பாக்கினா ஏறுறது மூணு டெசிபல்தான் சார். காதுக்கு ரெண்டு மடங்காத் தெரியணும்னா கிட்டத்தட்டப் பத்து மடங்கு வாட்ஸ் வேணும்!"

கையில் பேப்பர் தட்டோடு எல்லோரும் வாயடைத்து நின்றோம். அந்த மௌனத்தில்தான் பாட்டு முதல்முறையாகத் தெளிவாகக் கேட்டது.

அண்ணன் விடவில்லை. படிக்கட்டு அறைச் சுவரும் தரையும் சேருகிற மூலையில் அதைக் கொண்டுபோய் வைத்தார். பாஸ் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தது உண்மை. ஆனால் அந்த மூலையில் செருப்புகள் மட்டும்தான் இருந்தன. கேக் வெட்டுகிற நேரத்துக்கு, ஸ்பீக்கருக்குள் வாழும் அந்த இங்கிலீஷ்காரப் பெண்மணி, "பேட்டரி லோ" என்று அறிவித்தாள். பெட்டியில் 20 மணி நேரம் என்று போட்டிருந்தது. அது மிதமான வால்யூமில் எடுத்த கணக்கு. குத்துப்பாட்டை முழு வால்யூமில், பாஸையும் ஏற்றி ஓடவிடுகிற குடும்பங்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்போதுதான் லிப்ட் கதவு திறந்து ஆரணி மாமா வந்தார். அவருக்குப் பின்னால் சூட்கேஸ் மாதிரி சக்கரத்தில் உருண்டு வந்தது ஒரு ட்ராலி ஸ்பீக்கர். உள்ளே 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி, முகத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று சுழலும் விளக்கு, பக்கவாட்டில் ஒயர் இல்லாத மைக்.

அண்ணன் முகம் சுண்டிப்போனது. ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "மாமா, இதுல டிஸ்டார்ஷன் ரொம்ப இருக்கு" என்றார்.

"ஆமா மாப்ள, தனியா எதுவும் போடல, கூடவே வந்துச்சு" என்று மாமா பெருமையாகச் சிரித்தார்.

மைக் கைமாறத் தொடங்கியது. மூன்றாம் மாடி மாமி, வாட்ச்மேன், ஒன்றாம் வகுப்புக் குழந்தை என்று எல்லோரும் பாடினார்கள். மாமா எக்கோ திருகை ஏற்றி விட, எல்லோர் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. கடைசியில் மைக்கை அண்ணன் கையில் திணித்தார்கள். வெட்கப்பட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பல்லவியை எடுத்தார். குரல் நன்றாகவே இருந்தது. பல்லவி முடிந்தது. சரணம் வர வேண்டிய இடத்தில் அண்ணன் திகைத்து நின்றார். அவர் சரணம் கேட்டுப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். ஆனாலும் மனிதர் தளரவில்லை. வார்த்தைக்குப் பதிலாக, டுடும் டும் டும் என்று பாஸ் கிட்டாரை வாயாலேயே வாசித்துச் சரணத்தைக் கடந்தார். ஒரு டும் பிசகவில்லை. அன்றைக்கு விழுந்த பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

மணி பத்தைத் தாண்டியது தெரியவில்லை. படியேறி மூச்சு வாங்க ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். "கம்ப்ளைன்ட் வந்திருக்கு. நிறுத்துங்க."

நாங்கள் சமாதானம் பேச வாயெடுப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நீங்க சொல்றது கரெக்ட் சார். 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதி. ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு வரைக்கும் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 45 டெசிபல்தான் சார் அளவு." அத்தோடு போனில் டெசிபல் ஆப்பைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "நாங்க 82 சார்!"

இப்படி ஒரு வாக்குமூலத்தை அவர் சர்வீஸில் வாங்கியிருக்க மாட்டார். மாமா ட்ராலியை அணைத்தார். போலீஸ்காரர் கேக் துண்டை வாங்கிக்கொண்டு, படி இறங்கும் முன் அண்ணனைத் தனியே கூப்பிட்டார்.

"பொண்ணுக்குப் பொறந்தநாள் வருது. எங்களுக்கும் மொட்டை மாடிதான். ஐயாயிரத்துக்குள்ள எதை வாங்கலாம் சார்?"

அண்ணன் அவர் தோளில் கை போட்டார். "சனிக்கிழமை உங்களுக்கு டூட்டி எப்போ முடியுது?"