மாதம் கழிக்கும் மகான்கள்

2024 மார்ச் 31இலிருந்து ஒரு மாதத்தைக் கழித்தால் என்ன தேதி? பள்ளிக்கூடக் கணக்கில் கழித்தலுக்கு ஒரே விடைதான். அந்தக் கஞ்சத்தனமெல்லாம் தரவுத்தளங்களுக்குக் கிடையாது.

மைஎஸ்க்யூஎல் பிப்ரவரி 29 என்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸும் அதையே சொல்லி, யாரும் கேட்காமலேயே நள்ளிரவு மணியையும் சேர்த்துக் கொடுக்கிறது. எஸ்க்யூலைட்டின் நேர்மையோ தனி. பிப்ரவரி 31 என்று அப்படியே குறித்துக்கொள்கிறது. அப்படியொரு நாள் இல்லையென்றதும், மிஞ்சிய இரண்டு நாளை மார்ச்சுக்குத் தள்ளி, மார்ச் 2 என்கிறது. ஒரு மாதம் பின்னால் போன பிறகும் அதே மாதத்தில் நிற்கும் பேறு வேறெங்கே வாய்க்கும்!

ஆரக்கிள் பெரிய இடம். ‘ஒரு மாதம்’ போன்ற கால அளவைக் குறிக்கும் இன்டர்வலைப் போட்டுக் கழிக்கச் சொன்னால், அந்த மாதத்தில் அந்தத் தேதி செல்லாது என்று ஓஆர்ஏ-01839 பிழையை நீட்டிவிட்டு வேலையை நிறுத்திவிடும். மே 30 வரை சமர்த்தாக ஓடிய இரவு ரிப்போர்ட், ஏப்ரல் 31 என்றொரு நாள் இல்லாததால், மே 31 அன்று மட்டும் படுத்துக்கொள்ளும். மாதக் கடைசியில் ஊழியர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்ச் சலித்துக்கொள்ளக் கூடாதே என்ற கரிசனம்தான். அதே ஆரக்கிளிடம் மாதம் கூட்டிக் கழிக்கும் ஆட்_மந்த்ஸ் கட்டளை வழியாகப் போனால் பிப்ரவரி 29 கிடைக்கும்; அதோடு ஒரு மாதம் கூட்டினால் பத்திரமாக மார்ச் 31க்கே திரும்பலாம். அதே பயணத்தில் போஸ்ட்கிரெஸ் மார்ச் 29இல் இறக்கிவிடும். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதில் என்ன சுவாரசியம்?

இன்டர்வல் என்று எழுத மறந்தவரையும் மைஎஸ்க்யூஎல் கடிந்துகொள்வதில்லை. 2024 மார்ச் 1 அன்று, இன்றைய தேதியில் வெறும் ஒன்றைக் கழித்தால் 20240300 என்று தரும். அதாவது மார்ச் பூஜ்யம். எந்தப் பஞ்சாங்கக்காரரும் இதுவரை கண்டறியாத நன்னாள். எஸ்க்யூலைட் அதைவிடத் தாராளம். தேதியின் தலையிலுள்ள 2024ஐ மட்டும் எண்ணாக எடுத்துக்கொண்டு 2023 என்று சொல்லிவிடும். ஒரு நாள் கேட்டவருக்கு ஓர் ஆண்டு!

தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லின் 1992ஆம் ஆண்டுத் தரத்திலேயே இன்டர்வல் இடம்பெற்றுவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் இத்தனை பேரும் ஒரே விடைக்கு வராமல் தனித்தன்மையைக் காத்து நிற்கிறார்கள் என்றால், அது சாதாரண வைராக்கியமா?

ஆகவே புரோகிராமர்களே, வட்டியோ வாடகையோ சந்தாவோ எதைக் கணக்கிட்டாலும், 31ஆம் தேதியைப் போட்டு முன்கூட்டியே சோதித்துவிடாதீர்கள். அந்தப் பாக்கியத்தை வாடிக்கையாளருக்கு விட்டுவையுங்கள்.