ஆலங்காட்டுக்கு அசையும் காலக்கோடு போடுவது எப்படி?

முதலில் ஒரு கோயில் வேண்டும். திருத்தணிக்குப் பக்கத்துத் திருவாலங்காடு மாதிரி வரலாறு வழிந்தோடும் கோயிலாக இருந்தால் உத்தமம். அடுத்து அந்த ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். வெளியூரில் நல்ல வேலையில் இருப்பவர், ஊருக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்ற துடிப்புள்ளவர், ஏதோ ஒரு கார் கம்பெனியின் இணையதளத்தில் விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் பறந்து வந்ததைப் பார்த்துச் சொக்கிப்போனவர். "நம்ம கோயில் தல வரலாறும் இதே மாதிரி வரணும் தம்பி. ஒரு தள்ளு தள்ளுனா காளி, இன்னொரு தள்ளு தள்ளுனா சோழர்." அந்தத் தம்பி நீங்கள்தான்.

கருவி வேர்ட்பிரஸ். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு முதல் அதில் பிளாக் எடிட்டர்தான் நடைமுறை. தலைப்பு ஒரு பிளாக், பத்தி ஒரு பிளாக், படம் ஒரு பிளாக், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட ஒரு குரூப் பிளாக். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு குரூப் எடுத்து, அதற்குள் ஆண்டு, இரண்டு வரிச் செய்தி, ஒரு படம் வையுங்கள். எத்தனை நிகழ்ச்சியோ அத்தனை குரூப். அவ்வளவையும் ஒரு பெரிய குரூப்பில் அடைத்து, அதற்கு இடப்பக்கம் மட்டும் பார்டர் கொடுங்கள். காலக்கோடு முடிந்தது. அரை மணி நேர வேலை. இதை இப்படியே கொண்டுபோய்க் காட்டினால் "இவ்வளவுதானா?" என்பார்கள். பில்லைப் பார்த்தும் அதையே கேட்பார்கள். எனவே சிக்கலாக்குவோம்.

சிக்கலாக்க எளிய வழி, நிகழ்ச்சிகளை இடம் ஒன்று வலம் ஒன்றாகப் போடுவது. காலம்ஸ் பிளாக்கில் முதல் வரிசைக்குச் செய்தி இடப்பக்கம், படம் வலப்பக்கம். அடுத்த வரிசையில் அப்படியே மாற்றிப் போடுங்கள். கணினித் திரையில் கண்கொள்ளாக் காட்சி. கைப்பேசியில் இரண்டு பத்தியும் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கிவிடும். காரைக்கால் அம்மையார் செய்தி, அம்மையார் படம், உடனே அடுத்த நிகழ்ச்சியான சோழர் செப்பேட்டின் படம், அதற்கப்புறம்தான் செப்பேட்டின் ஆண்டு. பார்ப்பவருக்கு அம்மையாரே செப்பேடு வெட்டிக் கொடுத்தது போலத் தோன்றும். கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் மடிக்கணினியோடுதான் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டு மேலே செல்லுங்கள்.

இனிதான் உண்மையான கஷ்டம். காலக்கோடு என்றால் ஆண்டு கேட்கும். ஈசனுக்கும் காளிக்கும் நடந்த ஆடல் போட்டிக்கு என்ன ஆண்டு போடுவீர்கள்? அதை விடவும் முடியாது. ஐந்து சபைகளில் ரத்தின சபை என்று இந்தத் தலம் பெயர் பெற்றதே அந்த ஆட்டத்தால்தான். 'ஆதியில்' என்று போட்டுவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். காரைக்கால் அம்மையாருக்கு ஆறாம் நூற்றாண்டை ஒட்டி என்று அறிஞர்கள் சொல்வதைப் போடலாம். பக்கத்து ஊரான பழையனூரின் நீலிப் பேய் வாங்கிய பழியும், கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்கிய 70 வேளாளரும் எங்கே? ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே அந்தக் கதையைத் தொட்டுச் செல்வதால், அவருக்கு முந்திய குரூப்பில் வைக்கலாம். அம்மையார் தலையால் நடந்த மண்ணில் காலால் மிதிக்க அஞ்சி ஊருக்கு வெளியிலேயே தங்கிவிட்டவர் சம்பந்தர். அவர் பிளாக்கையாவது ஓரமாக, அசையாமல் விடுங்கள். மற்றவற்றுக்கெல்லாம் ஒரே விதி: ஆண்டு எவ்வளவு சந்தேகமோ, அந்த பிளாக் அவ்வளவு வேகமாகப் பறந்து வரட்டும். படிப்பதற்குள் போய்விட வேண்டும்.

இந்த விதி செல்லாத இடம் ஒன்று உண்டு, செப்பேடு. 1905-இல் இந்த ஊரில் கிடைத்தது. 31 ஏடுகள். முதல் பத்து வடமொழி, மீதி 21 தமிழ். ஏடுகளைக் கோத்த வளையத்தில் சோழரின் புலி முத்திரை. இப்போது இருப்பது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். வடமொழிப் பகுதியை நாராயணன் என்ற கவி 271 பாடல்களில் எழுதியிருக்கிறார். சூரியனில் தொடங்கி, மனு, இட்சுவாகு, சிபி என்று இறங்கி, விஜயாலயனைத் தொட்டு, ராஜராஜன் வழியாக ராஜேந்திரனிடம் வந்து நிற்கிறது வம்ச வரிசை. புராணம் எங்கே முடிகிறது, வரலாறு எங்கே தொடங்குகிறது என்று காட்டும் கோடு எதையும் அவர் போடவில்லை. ஆண்டுக் கட்டம் கட்டாயம் என்று சொல்லும் டெம்ப்ளேட் அவர் கையில் இல்லை, கொடுத்து வைத்தவர்.

உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழ்ப் பகுதியின்படி, பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்தது ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1017-18 வாக்கில். வடமொழிப் பகுதியோ கங்கை வெற்றியையும் கடார வெற்றியையும் பாடுகிறது. கடாரம் 1025. ஆக, வடமொழிப் பகுதி பின்னால் சேர்ந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் முடிவு. இப்போது அந்த பிளாக்கின் தலையில் எந்த ஆண்டு? "கடாரம் முக்கியம் தம்பி, கப்பல் ஓடணும்" என்பார் உங்களை அமர்த்தியவர். 1017 என்று போட்டு அதன்கீழ்க் கப்பலை ஓட்டினால் ராஜேந்திரன் கோபிக்கப் போவதில்லை. கல்வெட்டு படித்த ஓய்வூதியர் ஒருவர் கோபிப்பார், மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதுவார், அதில் ஒரு வரிகூடத் தப்பு இருக்காது. விளையாட்டை விட்டுச் சொல்கிறேன்: இங்கே ஒற்றை எண் போடாதீர்கள். தமிழ்ப் பகுதி ஆறாம் ஆட்சியாண்டு, வடமொழிப் பகுதி கடார வெற்றிக்குப் பின் என்று இரண்டு வரியாகவே எழுதுங்கள். டிசைன் கெட்டால் கெடட்டும்.

1960 ஏப்ரல் 1 மட்டும் எந்தச் சண்டையும் இல்லாத தேதி. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி அன்றுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைப் போராட்டத் தலைவர் ம.பொ.சி. படம் ஒன்று, வரைபடம் ஒன்று போதும். எல்லைக்கோடு வடக்கே நகருகிற மாதிரி அனிமேஷன் கேட்பார்கள். எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும், நீங்கள் டீ குடிக்கப் போய்விடுங்கள்.

இனி அசைவு. ஊர்ப்பெயர் டைப்ரைட்டரில் அடிப்பதுபோல எழுத்து எழுத்தாகத் தோன்ற வேண்டும் என்பது எல்லாரும் முதலில் கேட்பது. திருவாலங்காடு என்ற பெயரில் நமக்கு 7 எழுத்து. கணினிக்கு 13. கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். ஆங்கிலத்துக்காக எழுதிய அனிமேஷன் நிரலைத் தமிழ்த் தலைப்பில் மாட்டினால், துணையெழுத்துகள் உடல் இல்லாமல், பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டு தனியே பறந்து வரும். பேய்கள் ஆடிய காட்டுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். வேண்டாம் என்றால் ஜாவாஸ்கிரிப்டில் இன்டல்.செக்மென்டர் என்று ஒன்று இருக்கிறது, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே எண்ணும். அதைவிட நல்லது, சொல் சொல்லாகத் தோன்றச் செய்வது.

அடுத்த கோரிக்கை ஊர்த்துவ தாண்டவம், ஈசன் காலை உயரத் தூக்கிக் காளியை வென்ற அந்த ஆட்டம். தள்ளத் தள்ளத் தூக்கிய திருவடி மேலே போக வேண்டும். 2023-இல் வந்த குரோம் 115 முதல் இதற்கு ஜாவாஸ்கிரிப்டே தேவையில்லை. சிஎஸ்எஸ்ஸில் அனிமேஷன்-டைம்லைன் என்ற ஒரு வரி போதும், அசைவு ஸ்க்ரோலோடு பூட்டிக்கொள்ளும். பூட்டு இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்பதுதான் வினை. படிப்பவர் விட்டுப்போன ஒரு வரிக்காகப் பக்கத்தை மேலே தள்ளினால் திருவடி கீழே இறங்கும், போட்டியில் காளி ஜெயித்துவிடுவாள். அர்ச்சகர் சும்மா விடுவாரா? எனவே ஸ்க்ரோலோடு பூட்டாதீர்கள். பிளாக் திரைக்குள் வந்ததும் ஒரே ஒரு முறை ஓடி நின்றுவிடும்படி ஜாவாஸ்கிரிப்டின் இன்டர்செக்‌ஷன் அப்சர்வரை வைத்துச் செய்யுங்கள். தூக்கிய திருவடி தூக்கியபடியே நிற்கும்.

இன்னொன்று. பறந்து வர வேண்டிய எழுத்தை முதலில் மறைத்து வைப்பதுதான் பல அனிமேஷன் பிளக்இன்களின் வழக்கம். ஸ்கிரிப்ட் வந்து சேராவிட்டால் மறைத்தது மறைத்தபடியே கிடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று தல வரலாற்றைப் பிரின்ட் எடுத்தால் இடது ஓரத்தில் ஒரு கோடும் நிறைய வெள்ளைத் தாளும் கிடைக்கும். எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டு, ஸ்கிரிப்ட் வந்த பிறகே அசைவைச் சேர்ப்பதுதான் முறை. அசைவைக் குறைக்கச் சொல்லித் தம் கைப்பேசியில் அமைத்து வைத்திருப்பவர்களுக்கு அசைவே வேண்டாம். தலைசுற்றல் உள்ளவர்கள் அவர்கள், ஏற்கெனவே மலைப்பாதையில் திருத்தணி ஏறி இறங்கி வந்திருப்பார்கள்.

திருத்தணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே படிகள் 365. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-இல் தொடங்கிய படித் திருவிழாவில், டிசம்பர் 31 அன்று படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு ஏறுவார்கள். கால் படியில் பட்டால் பாட்டு தொடங்கும், பாட்டு முடிந்தால்தான் அடுத்த படி. நீங்கள் பிளக்இன் போட்டுச் செய்யப் பார்ப்பது இதைத்தான். ஆனால் அங்கே எந்தப் படியும் ஏறுகிறவரைப் பிடித்து இழுத்து அடுத்த படியில் தள்ளுவதில்லை. சில தளங்கள் தள்ளுகின்றன. அந்த வசதி உங்கள் பிளக்இன்னில் இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

"இவ்வளவு குறைச்சா எப்படித் தம்பி, யாரும் பாக்க மாட்டாங்களே" என்று உங்களை அமர்த்தியவர் முகம் வாடினால் ரோடான் பெயரைச் சொல்லுங்கள். திருவாலங்காட்டு நடராசர் செப்புத் திருமேனியைச் சென்னை அருங்காட்சியகத்தில் எடுத்த புகைப்படங்களில் பார்த்தே, 1913-இல் அந்தப் பிரெஞ்சுச் சிற்பி சிவ தாண்டவம் பற்றிக் கட்டுரை எழுதினார். இந்தியாவுக்கு வந்தவரில்லை. அவர் கையில் இருந்தது அசையாத, கறுப்பு வெள்ளைத் தாள். அந்தப் படத்தைப் பெரிதாக, தெளிவாக, ஒரு முழுத் திரைக்குப் போட்டால் போதும். உங்களை அமர்த்தியவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் சொல்லிப் பாருங்கள்.

எப்படியும் உபயதாரர் பட்டியலைச் சேர்க்கச் சொல்வார்கள், அதுவும் சோழருக்கு மேலே. அதற்கு இசைந்துவிடுங்கள். பதிலுக்கு ஒன்று கேட்டு வாங்குங்கள். பக்கத்தின் உச்சியில், எந்த அசைவும் இல்லாமல், நடை திறக்கும் நேரமும் திருவாலங்காடு ரயில் நிலையத்திலிருந்து கோயிலுக்கு வரும் வழியும் இருக்கட்டும். மார்கழித் திருவாதிரைக்கு வருகிறவர்கள் கைப்பேசியில் தேடப்போவது அந்த இரண்டையும்தான்.