மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஆகாது

பிப்ரவரி பிறந்தால் போதும், நட்சத்திர ஓட்டல்கள் எல்லாம் ஒரே கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்க ஆரம்பித்துவிடும். மணமகன் ஷாம்பெயின், மணமகள் சாக்லெட், முகூர்த்தம் 14ஆம் தேதி இரவு, இடம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஓர் இருவர் மேஜை. ஏதோ படைப்புத் தொழில் தொடங்கிய அன்றே பிரம்மா போட்ட முடிச்சு என்பதுபோல ஒரு தோரணை. உண்மையில் கறுப்புச் சாக்லெட்டை ஒரு கடி கடித்துவிட்டு, மேலே ஒரு வாய் ஷாம்பெயின் விட்டால் முகம் கோணும். எதிரே ஆள் உட்கார்ந்திருப்பதால் யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சம்பந்தத்தை யார் பேசினார்கள், யாராவது ஜாதகம் பார்த்தார்களா என்று இரண்டு வீட்டிலும் விசாரித்துவிடுவோம்.

பெண் வீடு மத்திய அமெரிக்கா. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் மாயா மக்கள் வனைந்த ஒரு சாக்லெட் குவளை இருக்கிறது. வயது சுமார் 1,300. அதைச் சுற்றி ஓர் அரண்மனைக் காட்சி தீட்டியிருக்கிறார்கள். பாதாள உலகத்துத் தெய்வம், நல்ல கிழவர், ஐந்து பெண்கள் சூழ ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு ஒருத்தியின் மணிக்கட்டில் காப்பு கட்டிவிடுகிறார். பின்னால் நிற்பவள் ஒரு பாத்திரத்தை உயரத் தூக்கிப் பிடித்து, கீழே உள்ள இன்னொரு பாத்திரத்தில் சாக்லெட்டை ஊற்றுகிறாள். நம் காப்பிக் கடைக்காரர் ஆற்றுகிற அதே உயரம், அதே நோக்கம்: நுரை வர வேண்டும். குவளையைக் கொஞ்சம் திருப்பினால், முகமூடி போட்ட இரண்டு பேர் கட்டிவைத்த ஒருவனின் தலையைச் சீவிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் அடுத்தவளின் காலைத் தட்டி, ‘அங்கே பாருடி’ என்கிறாற்போல இருக்கிறாள். கிழவருக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. சாக்லெட்டும் சரசமும் ஒரே சட்டத்துக்குள் வந்த பழைய படங்களில் இது ஒன்று. இன்றைய ஓட்டல்காரர்கள் பொழுதுபோக்கு நிகழ்ச்சியை மட்டும் மாற்றி, வயலின்காரரைப் போட்டிருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது, அந்தச் சாக்லெட்டில் சர்க்கரை கிடையாது. கரும்பு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மிளகாய் போடுவார்கள். கசப்பும் காரமும் நுரையுமாக இருந்த இந்தப் பெண்ணைத்தான் பெர்னால் தியாஸ் என்ற ஸ்பானியச் சிப்பாய் அஸ்டெக் சக்கரவர்த்தி மொக்டேசுமாவின் அரண்மனையில் பார்த்தார். வயசான காலத்தில் உட்கார்ந்து எழுதிய புத்தகத்தில், ராஜாவுக்குத் தங்கக் கிண்ணங்களில் இது வந்தது என்றும், பெண்கள் விஷயத்தில் தெம்பு தரும் என்று சொன்னார்கள் என்றும், நுரை பொங்கும் 50 பெரிய ஜாடிகளைப் பார்த்தேன் என்றும் குறித்துவைத்தார். ஜாடிகள் அரண்மனைக் கூட்டம் முழுவதற்கும் சேர்த்துத்தான். பின்னால் வந்த புண்ணியவான்கள் ஐம்பதையும் ராஜா ஒருவர் தொண்டையிலேயே கவிழ்த்து, ‘பார்த்தீர்களா மகிமையை’ என்று ஐரோப்பா முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார்கள். சாக்லெட்டின் காதல் ஜாதகம் எழுதப்பட்ட லட்சணம் இது.

பெண்ணுக்குக் கெட்ட பெயரும் உண்டு. சியாப்பா நகரத்துச் சீமாட்டிகள் பூசை முடியும்வரை வயிறு தாங்காது என்று சொல்லி, வேலைக்காரிகளைவிட்டுத் தேவாலயத்துக்குள்ளேயே சூடான சாக்லெட் வரவழைத்துக் குடித்தார்களாம். பிஷப் பொறுத்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் தடை போட்டார். சீமாட்டிகள் தடையை மதித்து வேறு கோவிலுக்குப் போய்விட்டார்கள். சில நாளில் பிஷப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அவருக்குக் கொடுத்த சாக்லெட் கிண்ணத்தில் விஷம் இருந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. 1648இல் புத்தகம் போட்ட தாமஸ் கேஜ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் சொல்லும் கதை இது. அவருக்கு வம்பு பிடிக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ரோமில் இருந்தவர்கள் சாமர்த்தியசாலிகள். 1660களில் கார்டினல் பிரன்காச்சோ, சாக்லெட் குடிக்கிற சமாசாரம், ஆகவே விரதத்தைக் கெடுக்காது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். கார்டினல்களும் நிம்மதியாகக் காலையில் ஒரு கிண்ணம் போட்டுக்கொண்டார்கள்.

இனி மாப்பிள்ளை வீடு. பாரிசுக்குக் கிழக்கே ஷாம்பெயின் சீமை, குளிர் ஜாஸ்தி. இலையுதிர் காலத்தில் பிழிந்த சாறு புளிக்க ஆரம்பிக்கும். குளிர் வந்ததும் பாதியில் படுத்துவிடும். வசந்தத்தில் விழித்து மறுபடி புளிக்கும். அதற்குள் பாட்டிலில் அடைத்திருந்தால் வாயு வெளியேற வழியில்லாமல் ஒயினுக்குள்ளேயே தங்கிவிடும். குமிழ் பிறந்த கதை இவ்வளவுதான். அந்த வீட்டில் அது அதிர்ஷ்டமில்லை, தோஷம். 1668இல் ஓவிலே மடத்துச் சரக்கறைப் பொறுப்பை ஏற்ற டோம் பெரிஞோன் என்ற துறவி ஆயுள் முழுக்கப் போராடியது இந்தத் தோஷத்தைக் கழிக்கத்தான். குமிழைக் கண்டுபிடித்து, நட்சத்திரத்தையே பருகிவிட்டதாகச் சக துறவிகளைக் கூவி அழைத்தார் என்பதெல்லாம் 19ஆம் நூற்றாண்டு விளம்பரக்காரர்களின் கைங்கரியம். எதை ஒழிக்கப் பாடுபட்டாரோ அதன்மேலேயே அவர் பெயரை ஒட்டி, அதிக விலைக்கு விற்கிறார்கள். தமிழ்நாட்டில் சாதி ஒழிப்புத் தலைவர்களுக்குச் சாதிச் சங்கங்கள் மாலை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

குமிழை வேண்டுமென்றே வரவழைத்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். இதைப் பிரான்சில் சொல்லிப் பார்க்காதீர்கள். 1615இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர், கப்பல் கட்ட மரம் போதவில்லை என்று கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதைத் தடை செய்தார். வேறு வழியில்லாமல் நிலக்கரி போட்டார்கள், சூடு ஏறியது, பாட்டில் கெட்டியானது. பீப்பாயில் வந்த பிரெஞ்சு ஒயினை அந்தப் பாட்டிலில் ஊற்றி, சர்க்கரையும் வெல்லப்பாகும் போட்டு மூடினால் விறுவிறுவென்று குமிழ் கிளம்புகிறது என்று கிறிஸ்டோபர் மெரட் என்ற மருத்துவர் 1662இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். பெரிஞோன் பதவிக்கு வர இன்னும் ஆறு வருஷம் இருந்தது. போர்க்கப்பலுக்கு மரம் சேர்க்கப் போட்ட சட்டம் காதலர் தின பில்லில் வந்து முடியும் என்று ஜேம்ஸ் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

பிரான்சிலோ பாட்டில் மெலிசு. உள்ளே இருக்கிற அழுத்தம் இன்றைய கணக்கில் சுமார் ஆறு வளிமண்டலம், அதாவது கார் டயரில் அடிக்கிற காற்றைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஒன்று வெடித்தால் பக்கத்திலிருப்பதும் வெடிக்கும், அப்படியே வரிசை முழுக்க. நிலவறைத் தொழிலாளிகள் இரும்புக் கம்பி முகமூடி போட்டுக்கொண்டுதான் உள்ளே போனார்கள். மேலே அரசவையில் இந்த ஒயினை வைத்துச் சல்லாபம் நடந்துகொண்டிருந்தது. கீழே ஒருவர் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டு பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். மாயாக் குவளையின் இரண்டு பக்கங்கள் இங்கேயும் இருந்தன என்று சொல்லலாம்.

மாப்பிள்ளையைத் தேற்றி ஆளாக்கியது ஒரு விதவை. பார்ப்-நிக்கோல் க்ளிகோவுக்கு 1805இல் கணவர் போனபோது வயது 27. கடையை மூடிவிட்டு மூலையில் உட்காருவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அம்மணி கணக்குப் புத்தகத்தை எடுத்தார். பாட்டிலின் அடியில் ஈஸ்ட் கசண்டு தங்கி ஒயின் கலங்கலாக இருப்பதுதான் பெரிய தலைவலி. பலகையில் ஓட்டை போட்டு, பாட்டிலைத் தலைகீழாகச் செருகி, தினம் கொஞ்சம் திருப்பிவிட்டால் கசண்டு கழுத்துக்கு இறங்கும். கார்க்கைத் திறந்தால் பட்டென்று துப்பிவிடும். சமையலறை மேஜையையே எடுத்து ஓட்டை போட்டார் என்பார்கள். துப்பியதில் குறைந்த இடத்தைச் சர்க்கரைப் பாகு கலந்த ஒயினால் நிரப்புவது வழக்கம். 1814இல் நெப்போலியன் கவிழ்ந்த கையோடு, போட்டிக்காரர்கள் தூங்கி எழுவதற்குள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டில்களை ரஷ்யாவுக்குக் கப்பல் ஏற்றினார்.

ரஷ்யப் பிரபுக்களின் நாக்கு அலாதி. அவர்களுக்குப் போன ஷாம்பெயினில் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல்கூடச் சர்க்கரை இருந்ததுண்டு. இன்றைய கோலா பானத்தில் இருப்பது சுமார் 100 கிராம். அதைப் பார்த்தால் பிரபுக்கள் குடித்தது பாயசம்தான். மேலே குமிழ் மிதந்தது.

அந்த மாப்பிள்ளைக்குச் சாக்லெட் அருமையாகப் பொருந்தியிருக்கும். ஆனால் அப்போது கடித்துச் சாப்பிடுகிற சாக்லெட்டே கிடையாது. 1828இல் ஆம்ஸ்டர்டாமில் வான் ஹூட்டன், சாக்லெட்டின் மூலப்பொருளான கக்காவோ விதையிலிருந்து நெய்யைப் பிழிந்தெடுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கி, 1847இல் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை கம்பெனி அந்த நெய்யையே திரும்பச் சேர்த்துக் கட்டி வார்த்த பிறகுதான் சாக்லெட் பல்லுக்கு வேலை கொடுத்தது. அந்தச் சமயம் பார்த்து இங்கிலாந்துக்காரர்கள் குறுக்கே வந்தார்கள். இனிப்புக்கு எங்களிடம் போர்ட், ஷெர்ரி எல்லாம் இருக்கிறது, சாப்பாட்டோடு குடிக்கச் சர்க்கரை இல்லாமல் கொண்டு வா என்றார்கள். இன்னொரு விதவை, லூயிஸ் பொம்மெரி, 1874ஆம் வருஷ அறுவடையில் அப்படி ஒன்று செய்து லண்டனில் கொடி நாட்டினார். ப்ரூட் என்று இன்று லேபிளில் பார்க்கிற வகை அப்படித்தான் ராஜ்ஜியம் பிடித்தது. மறு வருஷம், 1875இல், சுவிட்சர்லாந்தின் வெவே ஊரில் டேனியல் பீட்டர் சாக்லெட்டில் பாலைக் கலந்து வெற்றி கண்டார்.

தேதிகளைப் பாருங்கள். மாப்பிள்ளை சர்க்கரையை விட்ட மறு வருஷமே பெண் பாலும் சர்க்கரையுமாகப் புகுந்து விளையாட ஆரம்பித்துவிட்டாள். கல்யாணத்தை நிச்சயம் செய்தது அதற்கப்புறம்.

தரகர்களின் லட்சணத்தையும் கேளுங்கள். தேதி குறித்துக் கொடுத்தவர் புனித வேலன்டைன். அந்தப் பெயரில் குறைந்தது இரண்டு பேர் இருந்து, யார் எவர் என்று தெரியாத குழப்பத்தில் 1969இல் கத்தோலிக்கத் திருச்சபையே தன் பொது நாட்காட்டியிலிருந்து அவர் விழாவை எடுத்துவிட்டது. அந்த நாளுக்குக் காதல் முடிச்சுப் போட்டவர் 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர். அதுவும் அவர் ஜோடி சேர்த்தது பறவைகளை. சாக்லெட்டைப் படம் போட்ட பகட்டுப் பெட்டியில் வைத்து 1860களில் விற்றவர் ரிச்சர்ட் கேட்பரி. இதய வடிவப் பெட்டியும் அவர் கணக்கிலேயே ஏறியிருக்கிறது. அந்தக் கேட்பரி குடும்பம் குவேக்கர் சமயத்தார். மது என்றால் காத தூரம். அப்பா ஜான் கேட்பரி 1824இல் பர்மிங்காமில் கடை திறந்து கொக்கோ விற்றதே, ஜனங்கள் சாராயத்தை விட்டுவிட்டு இதைக் குடிக்கட்டும் என்றுதான். பிள்ளைகள் தொழிற்சாலையைச் சுற்றி போர்ன்வில் என்ற குடியிருப்பை எழுப்பியபோது மதுக்கடைக்கு இடமே விடவில்லை. நம் ஊர்க் கடையில் கறுப்பு உறையில் தொங்குகிற சாக்லெட்டின் பெயர் அதுதான். மதுவிலக்குப் பிரசாரகர் வளர்த்த பெண்ணை மதுக்கடைக்காரர் பிள்ளைக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள்!

ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு நாக்கிலேயே பதில் இருக்கிறது. ப்ரூட் வகையில் சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்குள். இனிப்பான ஒன்றைத் தின்றபின் அதைக் குடித்தால் இருக்கிற கொஞ்சநஞ்ச இனிப்பும் மறைந்து புளிப்பு மட்டும் நிற்கும். கறுப்புச் சாக்லெட்டின் கசப்பு அதோடு கைகோத்துக்கொள்ளும். இன்னொன்று, கக்காவோ நெய் உருகுவது சுமார் 34 டிகிரியில், அதாவது வாய்ச் சூட்டில். பாதி உருகி வரும்போது 8 டிகிரி ஒயினை ஊற்றினால் அது நாக்கிலேயே உறைந்து மெழுகாகிவிடும். இனிப்போடு எது குடித்தாலும் அது இனிப்பைவிட ஒரு படி தித்திப்பாக இருக்க வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் விதி. லேபிளில் டெமி-செக் என்றிருந்தால் 32 முதல் 50 கிராம், டூ என்றிருந்தால் அதற்கும் மேல்; அவற்றோடு சாக்லெட் ஓரளவு குடித்தனம் நடத்தும். எக்ஸ்ட்ரா டிரை என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது ப்ரூட்டைவிட இனிப்பு. பெயர் வைத்தவருக்கும் அன்று ஒரு கோப்பை கூடிப்போயிருக்க வேண்டும்.

நல்ல வரன் இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில், பக்கத்து வீட்டிலேயே இருந்தது. நெப்போலியன் 1806இல் ஆங்கிலேயச் சரக்குக்குத் தடை போட்டதில் கக்காவோ விலை ஏறி, டூரின் மிட்டாய்க்காரர்கள் உள்ளூர் ஹேசல்நட்டை அரைத்துக் கலந்து சமாளித்தார்கள் என்பது அந்த ஊர்க் கதை. அந்தக் கலவையை ஜியாண்டுயோத்தோ என்ற மிட்டாயாக 1865 திருவிழாவில் வழங்கினார்கள். அதே 1865இல் சற்றுத் தள்ளி, பிரான்சில் தொழில் கற்றுவந்த கார்லோ கான்சியா, மஸ்கட் திராட்சையில் குமிழ் ஒயின் செய்தார். இனிப்புக்கு இனிப்பு, குமிழுக்குக் குமிழ். பக்கத்திலேயே அக்வி ஊரில் பிராக்கெத்தோ என்று சிவப்பில் ஒன்று. ரோஜா வாசனை, ஐந்தாறு சதவீதம்தான் ஆல்கஹால், கறுப்புச் சாக்லெட்டையே அடக்கி வழிக்குக் கொண்டுவரும். சீசர் இதைத் தோல் பையில் நிரப்பிக் க்ளியோபாட்ராவுக்கு அனுப்பினார் என்று விற்பவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். சீசர் மறுக்கப்போவதில்லை. ஓட்டல் பத்திரிகையில் மட்டும் இதன் பெயர் வராது. விலை கம்மி, காதல் குறைவு என்று நினைத்துவிடுவார்கள்.

மேஜைக்கு ப்ரூட் பாட்டில்தான் வந்துசேர்ந்தது என்றால், சாக்லெட்டைப் பெட்டியோடு பையில் போட்டுக்கொண்டு, உப்புத் தூவிய உருளைக்கிழங்கு சிப்ஸ் ஒரு தட்டு கேளுங்கள். அந்தப் புளிப்பும் குமிழும் எண்ணெய்ப் பலகாரத்தை வெட்டிக்கொண்டு போவது தனி ருசி. பரிமாறுபவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். சாக்லெட் மறுநாள் காலைக் காப்பிக்கு ஆகும்.