சாதி தவிர வேறு தடையில்லை

ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மணமகன் தேவை, மணமகள் தேவை பக்கத்தைப் பொறுமையாகப் படியுங்கள். ஆர்.சி. வீட்டார் சி.எஸ்.ஐ. வரன் பரவாயில்லை என்கிறார்கள். சி.எஸ்.ஐ. வீட்டார் பெந்தெகொஸ்தே என்றாலும் சம்மதம் என்கிறார்கள். மாதாவை வணங்கலாமா கூடாதா, போப்பாண்டவர் தவறு செய்வாரா மாட்டாரா, ஞானஸ்நானம் தெளிப்பா முழுக்கா என்று ஐரோப்பாவில் ஐந்நூறு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்ட விவகாரங்களை நம் ஆட்கள் மூன்று வரி விளம்பரத்தில் முடித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான், அது முதலிலேயே இருக்கும்: கிறிஸ்தவ நாடார். கிறிஸ்தவ வேளாளர். கிறிஸ்தவ உடையார். கிறிஸ்தவ வன்னியர். சில வீடுகளில் 'கிறிஸ்தவ' என்பதுகூடக் கட்டாயமில்லை. அதே சாதியில் இந்து வரனும் வரலாம். இயேசுவை விட்டுக்கொடுக்க முடிகிறது, சித்தப்பா தலைவராக இருக்கும் சங்கத்தை முடியவில்லை.

ஆகவே, ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் என்று ஆயர்களும் பேராயர்களும் ஒரே மேடையில் மெழுகுவர்த்தி பிடித்து ஜெபிப்பது எனக்கு வீண் சிரமமாகவே தெரிகிறது. கேட்டது எப்போதோ கிடைத்துவிட்டது. எல்லாச் சபைகளும் மறுபேச்சின்றி ஏற்கும் விசுவாசப் பிரமாணம் ஒன்று இங்கே இருக்கிறது. அதை எந்தப் பொதுச்சங்கமும் கூடி எழுதவில்லை. மறைக்கல்வியிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. 'அவங்க நம்ம ஆளுங்களா?' என்ற ஒற்றைக் கேள்வியில் முழுதும் அடங்கிவிடும்.

முன்னோர் அதைச் செங்கல்லிலும் எழுதி வைத்தார்கள். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு கத்தோலிக்கக் கோயில் எழும்பியது. பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்கள் போலப் பிரியும் மண்டபங்கள் இரண்டு. ஒன்றில் வேளாளர் முதலானோர், மற்றதில் நாடார், நடுவே சுவர். சாமியாரை எல்லோரும் பார்க்கலாம். விசுவாசிகள் ஒருவரையொருவர் பார்த்துவிடக் கூடாது. ரோமாபுரியில் மைக்கலாஞ்சலோவுக்குத் தோன்றாத யோசனை இது. 1910-இல் அந்தச் சுவரை இடித்தார்கள். உடனே நெஞ்சில் அடித்துக்கொண்டு மனந்திரும்பினார்கள் என்றா நினைக்கிறீர்கள்? வக்கீல் வைத்தார்கள். தனி இடம் தங்கள் உரிமை என்று ஆயரையே எதிர்வாதியாக்கி வேளாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கோயிலுக்குள் சாதிக்கு உரிமையில்லை என்று கிறிஸ்தவர்களுக்கு எடுத்துச்சொல்ல வெள்ளைக்கார அரசாங்கத்தின் கோர்ட்டு வேண்டியிருந்தது. அன்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று வேறு யாருக்கோ சுவர் எழுப்புகிறார்கள் என்பது தனிக் கதை.

சீர்திருத்தச் சபையார் இதைப் படித்து இளிக்க வேண்டாம். உங்கள் கணக்கு தரங்கம்பாடியிலேயே தொடங்குகிறது. சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கினார்; 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழும்பியது; உள்ளே சாதிக்கொரு இடம். தஞ்சைப் பகுதியில் ஊர் ஊராகச் சுற்றி உழைத்த உபதேசியார் ராஜநாயக்கன். அவருக்குக் குருப்பட்டம் தரலாமா என்று மிஷனரிகள் யோசித்தார்கள். பறையர் கையால் திருவிருந்து வாங்கமாட்டோம் என்றது வேளாளக் கிறிஸ்தவம். 1733-இல் பட்டம் வேளாளரான ஆரோனுக்குப் போயிற்று. கிறிஸ்துவின் சரீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் நீட்டுகிற கை யாருடையது என்று தெரிய வேண்டாமா?

நூறு வருஷம் கழித்து, 1833-இல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாகச் சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் விசுவாசிகள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பிற்பாடு லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் விட்டுப்பிடித்ததால், அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் பலர். சபையை மாற்றிக்கொள்ளத் தயார், பாயை மாற்றிப் போட்டு உட்காரத் தயாரில்லை.

இதற்கு நடுவே நிஜமாகவே ஒன்றிப்பை நம்பிய மனிதர் ஒருவர் இருந்தார்: வெள்ளாளன்விளைக்காரர் வி.எஸ். அசரியா. 1910-இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனரிகளை முகத்துக்கு நேரே பார்த்து, எங்களுக்கு நட்பைத் தாருங்கள் என்று கேட்டவர். 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர். 1919-இல் அதே தரங்கம்பாடியில் குருமார் கூடி, எங்கோ வெளிநாட்டில் மூண்ட சண்டைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டபோது முன்னின்றவர். 28 வருஷம் பேசிப் பேசி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. பேராயர் உள்ள சபையும் இல்லாத சபையும் ஒன்றானதை உலகமே வியந்து பார்த்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 புத்தாண்டு அன்றே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்கவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

எல்லோரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற யோவான் சுவிசேஷ ஜெபத்தை அந்தத் திருச்சபை தன் முத்திரையிலேயே பொறித்து வைத்திருக்கிறது. முத்திரைக்குக் கீழே என்ன நடக்கிறது? பெருமன்றத் தேர்தல் வந்தால் அணி, எதிரணி, கார் வரிசை, பிரியாணி, தடையாணை. பள்ளிக்கூடமும் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் கையில் இருக்கும் வரை ஆவிக்குரிய தாகம் யாருக்கும் அடங்காது. பங்காளிகளின் வாய்க்கால் வழக்கு இதைவிட நாகரிகமாக நடக்கும். 2024-இல் திருச்சபையின் தலைமை மன்றமான சினாடின் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை உயர் நீதிமன்றம் நியமிக்கும் அளவுக்கு ஐக்கியம் முற்றியது. வழக்கு டில்லிக்கும் போயிற்று. விசுவாசிகள் நியாயம் கேட்டு வெளியார் கோர்ட்டுக்குப் போகக் கூடாது என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலுக்கு, நல்லவேளை, வக்காலத்து நாமாவைப் பற்றித் தெரியாது.

சிரித்து முடித்தாயிற்றா? எறையூருக்கு வாருங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் அன்று அடங்கியிருந்த ஊர். வன்னியக் கத்தோலிக்கர், தலித் கத்தோலிக்கர், ஒரே பங்கு. ஆனால் தலித் வீட்டுப் பிணத்துக்குத் தனி வழி, தனிக் கல்லறை. பொறுத்துப் பார்த்த தலித்துகள், எங்களுக்குத் தனிப் பங்காவது கொடுங்கள் என்றார்கள். 2008 மார்ச்சில் அதுவே கலவரமானது. தலித்துகளின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். நடந்தது தவக்காலத்தில். சேர்ந்திருக்கவும் விடமாட்டோம், பிரிந்து போகவும் விடமாட்டோம் என்பதற்கு நம் அகராதியில் ஒற்றுமை என்று பேர்.

இப்படிக் கேட்பவனிடம் நம் பெரியவர்கள் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். 'தம்பி, சபையின் ஒற்றுமையைக் குலைக்காதீங்க. வெளியே இருக்கிறவங்க நம்மைப் பார்த்துச் சிரிப்பாங்க.' சுவர் எழுப்பியவன் குலைக்கவில்லை, சுவரைக் காட்டியவன் குலைக்கிறான். வெளியே இருப்பவர்கள் சிரிக்கவில்லை ஐயா. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித்துகளின் குழிகளைப் பிரித்து நின்ற சுவரை இடிக்கப் போனவர்கள் கடவுளே இல்லை என்று சொல்லும் பெரியார் தொண்டர்கள். ஜெபமாலை உருட்டும் கைகளுக்கு அந்த வேலை தோன்றவில்லை. கோட்டப்பாளையத்து தலித் கத்தோலிக்கர்கள் கல்லறை, சவ வண்டி, திருவிழா என்று எல்லாவற்றிலும் ஒதுக்கப்படுவதாகச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025-இல் நோட்டீஸ் வந்தது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள், கடைசி எக்காளம் ஊதும்போது யார் யாருக்குப் பக்கத்தில் எழுந்திருப்பது என்பதை இப்போதே ஏற்பாடு செய்துவைக்கிறார்கள்.

இதே சபைத் தலைவர்கள்தாம் டில்லிக்குப் போய், தலித் கிறிஸ்தவர்களுக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று கேட்கிறார்கள். 1950-ஆம் ஆண்டு ஆணை மதத்தைக் காட்டி அதை மறுக்கிறது. கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம். மதம் மாறியும் சாதிக் கொடுமை போகவில்லை என்று அங்கே மைக் பிடித்துப் பேசுவார்கள். ரயிலேறி ஊருக்கு வந்ததும், எங்கள் பங்கில் சாதியா, யார் சொன்னது என்பார்கள். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தனிக் கொள்கை ஆவணமே வெளியிட்டு, சாதிப் பாகுபாடு பாவம் என்று ஒப்புக்கொண்டது. நல்லது. பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு பரிகாரம் என்று ஒன்று உண்டே, அதை எந்த வருஷத்து ஆவணத்தில் தேடுவது?

ஆவணம் எதுவும் வேண்டாம். கெபி கட்டவும், கோபுரத்தை இன்னும் இருபதடி உயர்த்தவும், ஆயர் இல்லத்துக்குக் கிரானைட் பதிக்கவும் ஒரு வாரத்தில் காண்ட்ராக்டர் கிடைக்கிறார். கல்லறைச் சுவரை இடிக்க மட்டும் ஒரு மணி நேர வாடகைக்கு ஜே.சி.பி. கிடைக்கவில்லையாம். டிரைவர் எந்தச் சாதி என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்களோ என்னவோ.