ஊசி போட்டதுலேர்ந்து

போன ஞாயிற்றுக்கிழமை மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். மேசை, இஸ்தோப்பு, கோழிக்கூட்டின் மேல், திருத்த வைத்திருந்த கொப்பிக் கட்டு என்று அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் அது என் நெற்றியில் இருந்தது. கண்டுபிடித்தவர் பக்கத்துக் காம்பரா மாமா. அதோடு விட்டிருந்தால் நன்றி சொல்லி ஒரு பிளேன்டீ கொடுத்து அனுப்பியிருப்பேன். பிளேன்டீயையும் வாங்கிக் குடித்துக்கொண்டு சொன்னார்:

"ஊசி போட்டதுலேர்ந்தே ஒங்களுக்கு இப்புடித்தான் மாஸ்டர்."

நான் 1998இலிருந்து கண்ணாடி போடுகிறேன். 1998இலிருந்து அதைத் தொலைக்கிறேன். எட்டியாந்தோட்டை பஸ்ஸில் இரண்டு, பரீட்சை மண்டபத்தில் ஒன்று, சிவனொளிபாதமலைப் படியில் ஒன்று. இருபது வருஷத்துக்கு மேல் உழைத்துச் சேர்த்த மறதி ஐயா இது. அதைச் சீனாவிலிருந்து வந்த அரை மில்லிலீட்டர் கொரோனா ஊசி மருந்துக்கு ஒரே வாயில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது ஊசி போட்ட ராத்திரி எனக்கு நடந்ததை எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் மாமாவுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.

மாமாவுக்கு முழங்கால் வலி. முப்பது வருஷம் பால் வெட்டியவர். விடியுமுன் கத்தியும் வாளியுமாக இறங்கினால் ஒரு நாளைக்கு 250, 300 மரம். கேகாலைப் பக்கத்து ரப்பர் மலை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆட்டுக்கே இரண்டு தரம் யோசிக்க வேண்டிய சரிவு. ஆனால் வலி ஊசியால் வந்ததாம். தொங்கக் காம்பரா அக்காவுக்கு உச்சியில் முடி கொட்டுகிறது. கொழுந்துக் கூடையின் கயிறு பதினேழு வயதிலிருந்து தலையில் எந்த இடத்தில் அழுந்துகிறதோ, சரியாக அந்த இடத்தில், கயிற்றின் அகலத்துக்கே கொட்டுகிறது. அதுவும் ஊசி. கீழ் லயத்தில் ஒருவருக்குக் காலையில் மூச்சு வாங்குகிறதாம், ஊசி. அவர் இதைச் சொல்லும்போது பீடி பற்றவைக்கக் கொஞ்சம் நிறுத்தினார்.

இன்னொரு வீட்டில் பலாமரம் காய்க்கவில்லை. "மரத்துக்கும் போட்டாங்களா?" என்று கேட்டேன். "தண்ணி ஊத்தினவருக்குப் போட்டாங்கல்ல" என்றார்கள். ஒரு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. விசாரித்தால், அதற்கும் ஊசி போட்டிருக்கிறார்கள். விசர்நாய் ஊசி. "ஊசின்னா ஊசிதானே மாஸ்டர்." ஒரு பையன் ஓ.எல். பரீட்சையில் கணக்கில் பெயில். அதுவும் ஊசியால்தான். அவனுக்குக் கணக்குப் படிப்பித்தவன் நான் என்பதால் இந்த ஒன்றை மட்டும் மறுக்கவில்லை. மாப்பிள்ளை அமையாதது, ரேடியோ இரைவது, ரொட்டி கல்லில் ஒட்டுவது, மருமகள் பேசாதது, மருமகள் பேசுவது என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. கூரைத் தகரம் ஒழுகுவதை மட்டும் இன்னும் யாரும் அதன் கணக்கில் சேர்க்கவில்லை. தகரம் அதற்கு வெகு காலம் முன்பே ஒழுக ஆரம்பித்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதில் சாதி வேறு. கோவிஷீல்ட், சைனோபாம், பைசர். 2021 ஜனவரிக் கடைசியில் இந்தியா அனுப்பிய 5 லட்சம் கோவிஷீல்ட்தான் நாட்டுக்கு முதலில் வந்தது. பிறகு அங்கே தொற்று ஏறி ஏற்றுமதி நின்றுபோக, ஒரு ஊசியோடு லட்சக்கணக்கானோர் அடுத்ததற்குக் காத்துக் கிடந்தார்கள். கோவிஷீல்ட் போட்டவர்களின் காய்ச்சலுக்கு இன்றும் தனி மரியாதை. "எனக்கு நூத்தி மூணு" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் "எனக்குக் கட்டிலே ஆடிச்சு" என்பார். எங்களைப் போன்ற சைனோபாம்காரர்கள் அந்தக் கூட்டத்தில் வாயே திறக்க முடியாது. கை கொஞ்சம் கடுத்தது, இரண்டு பெனடோலோடு போனது என்று உண்மையைச் சொன்னால் ஏதோ வாழ்க்கையில் தோற்றவனைப் போலப் பார்ப்பார்கள். மூன்றாவதாகப் பைசர் போட்ட ராத்திரி, மணி இரண்டரை இருக்கும், நான் எழும்பி...

இருங்கள், பாணியை மறந்துவிட்டேன்.

2020 டிசம்பரில் எங்கள் கேகாலை மாவட்டத்து ஹெட்டிமுல்லையில் தம்மிக்க பண்டார என்பவர் தேனும் ஜாதிக்காயும் சேர்த்து ஒரு பாணி காய்ச்சினார். காளி அம்மன் சொல்லிக் கொடுத்த மருந்து என்றார். சனம் ஆயிரக்கணக்கில் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு, கொரோனாவை விரட்டக் கொரோனா வரிசையில் நின்றது. இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தெரிவான அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி, ஏற்கெனவே நோய் தீர ஆற்றில் பானை விட்டவர், பாணியையும் எல்லோரும் பார்க்கக் குடித்தார். அடுத்த ஜனவரியில் அவருக்கே கொரோனா. நல்ல வேளை, பிழைத்து வந்தார்.

அந்த வரிசையில் மாமாவும் நின்றார். பால் வெட்டுக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய் நின்றார். நான் கேட்பது இதுதான்: பாணி குடித்ததிலிருந்து முழங்கால் வலிக்கிறது என்று அவர் ஒரு நாளாவது சொன்னாரா? சொல்ல மாட்டார். பாணி அவர் கால் கடுக்க நின்று வாங்கிய பொருள். ஊசி கூப்பிட்டு, உட்காரவைத்து, சும்மா போட்டது. சும்மா வந்ததை நம் ஆட்கள் எப்போது நம்பியிருக்கிறார்கள்? ஒன்று மட்டும் சொல்லலாம். 2020இல் பாணிக்கு நின்று பழகியிருக்காவிட்டால், 2022இல் மண்ணெண்ணெய்க்கு அப்படி நின்றிருக்க முடியாது.

எனக்கு ஊசி போட்டது 2021 ஜூலையில். பாடசாலை திறக்க வேண்டும் என்று ஆசிரியர்களுக்குப் போட்டார்கள். அதே ஜூலையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி இணையவழிப் பாடத்தை நிறுத்திப் போராட்டத்திலும் இறங்கினோம். எங்கள் தோட்டத்தில் தண்ணீர்த் தாங்கிப் பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால், போராட்டம் தொடங்கியது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

தோட்டத்து ஆட்களுக்குப் போட்ட நாளில் படிவம் நிரப்ப என்னைக் கூப்பிட்டார்கள். படிவம் சிங்களத்தில். நிரப்ப வேண்டியவர்கள் தமிழில். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். என் கொழுந்தியாளும் வந்திருந்தாள். காலையில் மலைக்குப் போய்விட்டு, படங்கைக் கழற்றி மடித்து இடுப்பில் செருகியபடி வந்தாள். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை. ஊசி குத்தியபோது முகம்கூடச் சுளிக்கவில்லை. பிறகு தாதியம்மா ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் காட்டி, "பொட்டக் வாடிவென்ன" என்றார். இருபது நிமிஷம் சும்மா உட்கார வேண்டும்.

அங்கேதான் அவளுக்குப் பயம் வந்தது. கதிரை நுனியில் இருந்தாள். எழும்பினாள். உட்காரச் சொன்னார்கள். வேலை நாளில், பட்டப்பகலில், கதிரையில் சும்மா உட்காரச் சொல்லி அவளுக்கு யாரும் உத்தரவு போட்டதில்லை. கை சும்மா இருக்கவில்லை. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்த செம்பரத்தைக் கிளையில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அது பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டிருந்தது. "கெறங்குதா?" என்று கேட்டேன். "இல்ல மச்சான். கங்காணி வந்தா என்னா சொல்றது?"

ராத்திரி காய்ச்சல். காலையில் பெரட்டுக்குப் போய் நின்றாள். போகாவிட்டால் பேர் இல்லை; பேர் இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அந்த வருஷம்தான் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆகியிருந்தது. கேட்ட கிலோ வராவிட்டால் அரைப் பேர். காய்ச்சலோடு எடுத்த கொழுந்து நிறுவையில் குறைந்தது, அரைப் பேர் விழுந்தது. ஊசி போட்டதிலிருந்து வந்தது என்று நான் கண்ணால் கண்டு ஒப்புக்கொள்ளும் பக்கவிளைவு இது ஒன்றுதான். இதை மாமா தன் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

2022 ஜனவரியில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 12 தடுப்பூசிப் பரிசோதனைகள், 45,000 பேருக்கு மேல். மருந்தே இல்லாத போலி ஊசி போடப்பட்டவர்களிலும் முதல் தடவையில் 100க்கு 35 பேர் தலையிடி, அசதி போன்றவை வந்ததாகச் சொன்னார்களாம். மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார். பிளேன்டீயை வைத்தார்.

"பாத்தீங்களா மாஸ்டர், மருந்தே இல்லாம இப்புடின்னா, மருந்து இருந்தா?"

அத்தோடு நான் விட்டுவிட்டேன். ஒத்துக்கொள்கிறேன், போன மாதம் மாடிப்படியில் மூச்சு வாங்கியபோது எனக்கும் முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கதிரையும் ஊசியும்தான். என் வயதும் நான் தின்ற தேங்காய் ரொட்டியும் அதற்குப் பிறகுதான் வந்தன. இதை மாமாவிடம் சொல்லவில்லை.

மூன்றாவது ஊசி ராத்திரிக் கதைக்கு இனி இடமில்லை. ஒரு உதவி செய்யுங்கள். தெரணியகலையிலோ பலாங்கொடையிலோ இறக்குவானையிலோ, எந்தத் தோட்டத்திலானாலும் சரி, தன் முழங்கால் வலிக்கு ரப்பர் மலையையோ தேயிலை மலையையோ காரணம் சொல்லும் ஒரே ஒரு ஆள் இருந்தால் எனக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். மாமாவிடம் காட்ட வேண்டும்.